பின்பக்கத்து மண்ணெண்ணெய் பம்ப்

ஜூன் 14, வியாழன்

பதினான்காம் தேதி. ரேடியோவில் புது விலை சொல்லும் நாள். பெட்ரோல், டீசல், கடைசியாக மண்ணெண்ணெய். நான் வேலை பார்க்கிற பெட்ரோல் பங்கிலும் அதே வரிசைதான். பெட்ரோல் போடுகிறவர்களுக்குச் சிவப்புச் சட்டை, தொப்பி, கார்க்காரர்கள் தருகிற சில்லறை. மண்ணெண்ணெய் பம்ப் பின்பக்கம், கழிப்பறைக்கும் டயர் ஒட்டுகிற இடத்துக்கும் நடுவில். அங்கே நான். "உன்னை எந்தக் கார்க்காரன் பாக்கப் போறான் மச்சோகா, உனக்கு எதுக்குச் சட்டை" என்று மேலாளர் முத்துரி ஐந்து வருடம் முன்பு சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லிட்டருக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். சாயங்காலம் வரிசை நீளம். முதல் ஆள் ஃப்ளோரா அம்மா. பெரிய வீடுகளில் துணி துவைக்கிறவள். வாய் மட்டும் யாருக்கும் கைகட்டி நிற்காது.

"அரை லிட்டரா?" என்றேன்.

"அரை லிட்டர் வாங்க நான் என்ன கார் வச்சிருக்கேனா? இருபது ஷில்லிங்குக்கு ஊத்து. நுரை அடங்கட்டும், அப்புறம் அள. உன் வேலை எனக்குத் தெரியும்."

இருபது ஷில்லிங் எண்ணெயில் நான்கு பேருக்குக் களி கிண்டி, கீரையும் வதக்கிவிடுவாள். கேட்டால் திரியைப் பாதிதான் ஏற்றுவாளாம்.

ஜூன் 17, ஞாயிறு

மகள் பொச்சாபேரிக்கு மறுபடி மூச்சிழுப்பு. ஏழு வயதுக் குழந்தை படி ஏறிவிட்டுக் கிழவி மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. போன வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னது நினைவில் அப்படியே இருக்கிறது. "கரி அடுப்பு வீட்டுக்குள்ள வரவே கூடாது. கேஸ் வாங்குங்க. முடியலைன்னா மண்ணெண்ணெய், அதுவும் ஜன்னலைத் திறந்து வச்சு. கரின்னா இவளை என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் அதற்குள். என் மனைவி குவாம்போக்கா தினமும் மக்காச்சோளமும் அவரைக்கொட்டையும் சேர்த்துக் கித்தேரி வேகவைத்து, சாயங்காலம் வாசலில் கோப்பைக் கணக்கில் விற்கிறாள். அவரை வேக மூன்று மணி நேரம். மூன்று மணி நேரமும் ஸ்டவ் எரிய வேண்டும். என் சம்பளம் வாடகைக்கு, அவள் கித்தேரி மற்றதற்கெல்லாம்.

கேஸ் சிலிண்டரும் மேலே வைக்கிற பர்னரும் ஐயாயிரம் ஷில்லிங். சேர்த்துக்கொண்டு வருகிறேன்.

ஜூன் 26, செவ்வாய்

எங்கிருந்து சேர்க்கிறேன்? இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன்.

வாரத்தில் இரண்டு நாள், ஆறு மணிக்குப் பங்க் திறந்ததும் சோஸ்பீட்டர் என்பவனின் லாரி பின்பக்கமாக வரும். எட்டு டிரம். நிரப்பிக் கொடுக்க வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்க என்ன இருக்கிறது? மண்ணெண்ணெய் விலை குறைவு, டீசல் விலை அதிகம். இரண்டையும் கலந்து டீசல் என்று விற்றால் நடுவில் இருக்கிற வித்தியாசம் சோஸ்பீட்டருக்கு. முத்துரிக்குப் பெரிய பங்கு. எனக்கு ஒரு லாரிக்கு இருநூறு ஷில்லிங், தோளில் ஒரு தட்டு.

"நம்மாளு நீ" என்று இன்றும் தட்டினான்.

அவன் லாரி என்ஜின்களைக் கெடுக்கிறான், அவ்வளவுதானே. லாரி வைத்திருப்பவன் பணக்காரன். யார் வயிற்றில் அடிக்கிறேன் நான்? — இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். குவாம்போக்காவிடம் கூடுதல் வேலைக்கான பணம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 15, ஞாயிறு

பட்ஜெட்டில் மண்ணெண்ணெய்க்கு வரி ஏற்றிவிட்டார்கள். ஜூலை மாதக் குளிர் வேறு. இருபதுக்கு ஊற்றினால் பாட்டிலின் இடுப்புக்குக்கூட வரவில்லை. ஃப்ளோரா அம்மா பாட்டிலைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"மச்சோகா, இதுல மருந்து குடிக்கச் சொல்றியா, சமைக்கச் சொல்றியா?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 18

நாலாயிரத்து நானூறு. இன்னும் அறுநூறு.

செப்டம்பர் 19, புதன்

ரேடியோவில் ஒரு பெரிய மனிதர். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிற திருட்டைத் தடுக்க, மண்ணெண்ணெய் மேல் லிட்டருக்குப் பதினெட்டு ஷில்லிங் புதுத் தீர்வை. இரண்டும் ஒரே விலைக்கு வந்துவிட்டால் கலக்கிறவனுக்கு லாபம் இருக்காதாம். கணக்கு சரிதான். பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் நூற்றுக்கு நூறு வாங்கும் கணக்கு.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறார்கள். அதிலும் அடுத்தவன் வீட்டை.

பம்ப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஃப்ளோரா அம்மா சொன்னாள்: "கலக்குறவன் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா? எண்ணெய் எங்கேயிருந்து வாங்குறான் அவன், ஆகாசத்துலேர்ந்தா? ஊத்திக் குடுக்குறவன் ஒருத்தன் இருப்பான்ல, அவன் கையை ஒடிச்சா முடிஞ்சுது."

அவள் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். குழாயை மூட மறந்து கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. அவள் அதை லாபமாக எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 20, வியாழன்

நாளையிலிருந்து புது விலை.

ஒரு யோசனை பண்ணினேன். சேர்த்த பணத்தையெல்லாம் போட்டுப் பழைய விலைக்கே ஐம்பது லிட்டர் வாங்கிவிட்டால்? நவம்பர் வரை அடுப்புக்குக் கவலையில்லை. அதற்குள் மறுபடி சேர்த்துவிடலாம். சிலிண்டர் வாங்கினாலும் மாதாமாதம் நிரப்பக் காசு வேண்டும். எண்ணெய் என்றால் எனக்குத் தெரிந்த சரக்கு.

குவாம்போக்கா ஒப்பவில்லை. "அறுநூறு தானே குறையுது? எல்டோரெட் ஊர்ல அக்காகிட்ட கேக்குறேன். கேஸே வாங்கிடுவோம் பொச்சாபேரி அப்பா. எண்ணெய் எரிஞ்சு போயிடும், சிலிண்டர் நிக்கும்."

"உங்க அக்காகிட்ட நான் கையேந்தணுமா?"

"நான்தானே ஏந்தப் போறேன்."

"உன் கை என் கை இல்லையா? அஞ்சு வருஷமா எண்ணெய்லயே நிக்கிறவன் நான், எனக்குத் தெரியும்."

சாயங்காலமே வாங்கிவிட்டேன். இருபது லிட்டர் கேனில் இரண்டரைக் கேன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. புத்திசாலித்தனமான வேலை செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 21, வெள்ளி

வரிசையில் ஒன்பது பேர். வழக்கமாக அறுபது.

விலையைப் பார்த்துவிட்டு ஒரு பெண் காலிப் பாட்டிலோடு திரும்பிப் போனாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 28, வெள்ளி

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

நேற்று மத்தியானம் என்னைப் பங்கிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். வீட்டில் இரண்டு போலீஸ்காரர்கள். கட்டிடக் காவல்காரன் காட்டிக் கொடுத்திருக்கிறான். எண்ணெய் பதுக்கிக் கலப்படம் செய்கிறவர்களைத் தேடுகிறார்களாம். கட்டிலுக்கு அடியிலிருந்த கேன்களை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"சார், இது சமையலுக்கு. என் சம்சாரம் கித்தேரி விக்கிறா."

"இவ்வளவு எண்ணெயில யாருக்குச் சமைக்கிற? ராணுவத்துக்கா? எங்க வேலை?"

சொன்னேன். பொய் சொல்லியிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் பம்ப் என்றதும் பெரியவன் சின்னவனைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்படிச் சொல்லு. சரி, நீ யாருக்கு சப்ளை? பேரைச் சொல்லிட்டா இங்கேயே விட்டுடறோம்."

சோஸ்பீட்டர் என்ற பெயர் தொண்டை வரை வந்தது. அவன் பெயரைச் சொன்னால் முத்துரி பெயர் வரும். முத்துரி பெயர் வந்தால் வேலை போகும். யாருக்கும் இல்ல சார் என்றேன். குவாம்போக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் லாக்கப். இன்று காலை எச்சரித்து விட்டுவிட்டார்கள். எண்ணெய் திரும்பக் கிடையாது, அது சாட்சிப் பொருளாம். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருபது லிட்டர் என்று இருந்தது. எடுத்துப் போனது நாற்பதுக்கு மேல்.

எட்டு டிரம் எட்டு டிரமாக வருடக்கணக்கில் நிரப்பிக் கொடுத்தேன், ஒருத்தனும் கேட்கவில்லை. அடுப்புக்கென்று காசு கொடுத்து வாங்கினேன், கைவிலங்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே இடத்தில். குறை சொல்ல வழியில்லை.

செப்டம்பர் 29, சனி

குவாம்போக்கா கேட்டாள். சாப்பாடு போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து, சத்தமே போடாமல் கேட்டாள்.

"அந்த ஆளு பேரு உனக்குத் தெரியும்தானே?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். லாரி, டிரம், இருநூறு ஷில்லிங்.

"அப்போ கேஸுக்குச் சேர்த்தது…"

"ஆமா."

கொஞ்ச நேரம் பொச்சாபேரி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தக் காசுல கேஸ் வாங்கியிருந்தா எம் பொண்ணு திருட்டுக் காசுல மூச்சு விட்டிருப்பா. பரவாயில்ல. மூச்சாவது விட்டிருப்பா."

அக்டோபர் 8

சோஸ்பீட்டர் வருவதில்லை. தீர்வை வேலை செய்கிறது. ரேடியோவில் அந்தப் பெரிய மனிதர் சந்தோஷமாக இருக்கிறார்.

அக்டோபர் 15, திங்கள்

கித்தேரி கோப்பைக்கு ஐந்து ஷில்லிங் ஏற்றிப் பார்த்தாள். பாதிப் பானை திரும்பி வந்தது. வாங்குகிறவர்களும் எங்களைப் போன்றவர்கள்தானே, அவர்கள் வீட்டிலும் எண்ணெய் விலைதான் பேச்சு. பழைய விலைக்கே விற்றால் அடுப்புச் செலவுக்குக்கூட வரவில்லை.

இன்று கரி அடுப்பு வாங்கி வந்தாள். என்னைக் கேட்கவில்லை. என்ன முகத்தோடு நான் வேண்டாம் என்பது? வாசலில் வைத்து, காற்று வீட்டுக்குள் வராத பக்கம் பார்த்து, கதவையும் மூடிவிட்டுத்தான் மூட்டுகிறாள். கரியும் சும்மா கிடைக்கவில்லை. காட்டில் மரம் வெட்டத் தடை, அதனால் அதுவும் விலை. ஆனாலும் மூன்று மணி நேர அவரைக்கு எண்ணெயை விடக் கரி மலிவு.

தெருவில் ஏழு வாசலில் புகை. எண்ணினேன். கதவை மூடி என்ன பயன்?

அக்டோபர் 31, புதன்

மழை. ஐந்து நாளாக. வாசலில் அடுப்பு நிற்க இடமில்லை. முந்தாநாள் அடுப்பை உள்ளே எடுத்தாள். பொச்சாபேரியைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் சமைத்தாள். ஆனால் புகைக்குத் தெரியுமா, குழந்தை எப்போது திரும்பி வருவாள் என்று? சுவரிலேயே தங்கிவிடுகிறது.

நவம்பர் 6, செவ்வாய்

ஆஸ்பத்திரி. மூன்றாவது நாள். ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள், தலை மாற்றிப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஆக்ஸிஜன் குழாய் ஒன்று. மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு வைக்கும்போது எங்களுடையது வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது.

அதே டாக்டரம்மா. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் களைத்துப்போயிருந்தார். "இந்த மாசம் இது பதினாலாவது குழந்தை. உங்களை மட்டும் சொல்லி என்ன?" என்றார்.

பதினான்கும் எனக்குத் தெரிந்த பாட்டில்களின் வீட்டுக் குழந்தைகளாக இருக்கும். யார் யார் வரிசைக்கு வருவதை நிறுத்தினார்கள் என்று பெயர் பெயராக என்னால் சொல்ல முடியும்.

நவம்பர் 7

ஒரு காலத்தில் கேட்டேனே, யார் வயிற்றில் அடிக்கிறேன் என்று. வயிறு இல்லைடா மடையா. நெஞ்சு.

நவம்பர் 17, சனி

பொச்சாபேரியை எல்டோரெட்டுக்கு அனுப்பிவிட்டோம். குவாம்போக்காவின் அக்கா நியான்சாமா வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. அவரே வந்து கூட்டிப்போனார். நான் கையேந்தமாட்டேன் என்ற அதே அக்கா. என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "லீவு முடியிற வரைக்கும் இருக்கட்டும் தம்பி. காத்து மாறினா சரியாயிடும்" என்றார். தம்பி என்றதுதான் தாங்கவில்லை. பஸ் நிலையத்தின் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பொச்சாபேரி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, "ஜனவரியில வந்துடுவேன், என் பெஞ்சுல யாரையும் உக்காரவிடாதீங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லுங்கப்பா" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 22

குழந்தை இல்லாத வீட்டிலும் குவாம்போக்கா அடுப்பை வாசலில்தான் மூட்டுகிறாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் விசிறி. நனைந்துபோகிறாள். "உள்ள வையேன், அவதான் இல்லையே" என்றேன்.

"வர்றப்போ சுவத்துல புகை இருக்கக் கூடாது."

சுவரை ஈரத் துணியால் துடைத்திருந்தாள். கட்டிலுக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்குச் சுத்தம். அதற்கு மேல் கை எட்டாது.

நவம்பர் 30, வெள்ளி

பம்ப் மூடியாகிவிட்டது. ஒரு நாளைக்கு இருபது லிட்டர்கூடப் போகவில்லை. முத்துரி குழாய்க்குச் சாக்குச் சுற்றிக் கட்டச் சொன்னார், கட்டினேன். "உன்னால இல்ல மச்சோகா, வரியால" என்றார். சோஸ்பீட்டரிடம் பங்கு வாங்கியவர், இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. முன்பக்கம் ஏதாவது வேலை உண்டா என்று கேட்டேன். வயது இருபத்தைந்துக்குள் வேண்டுமாம், சிரித்த முகம் வேண்டுமாம்.

டிசம்பர் 13, வியாழன்

பதினைந்து நாளாக வேலை தேடினேன். சந்தையில் மூட்டை தூக்கினேன், இரண்டு நாள், முதுகு விட்டுவிட்டது.

இன்று தெருமுனையில் ஒரு லாரி. "நம்மாளு!" என்று தோளில் ஒரு தட்டு. சோஸ்பீட்டர். இன்னும் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். லாரி புதுசு.

"எங்கேய்யா போயிட்ட?" என்றேன்.

"நான் எங்க போவேன்? எண்ணெயில லாபம் போச்சு, கரியில வந்துச்சு. இப்போ ஊரே கரிதானே. தார்ப்பாய்க்கு மேல முட்டைக்கோசு, கீழ கரி மூட்டை. செக்போஸ்ட்ல நம்ம பசங்கதான். உனக்கு வேலை இல்லையாமே? சின்னத் தகரத்துல அளந்து விக்க ஆளு வேணும். உனக்குத்தான் எல்லா வீட்டுப் பொம்பளைங்களும் பழக்கம். மூட்டையை உன் வீட்டுல வச்சுக்கோ, நனையக் கூடாது."

அவனை நிறுத்தத்தான் அந்தத் தீர்வை. அவன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நின்றது யார் யார் என்று எழுத உட்கார்ந்தால் இந்த நோட்டு போதாது.

வாடகை கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது.

டிசம்பர் 14

சரி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 22, சனி

கித்தேரிப் பானை ஒரு பக்கம், என் கரி ஒரு பக்கம். பழைய வரிசை அப்படியே வருகிறது, பாட்டிலுக்குப் பதில் தகர டப்பா. ஃப்ளோரா அம்மா தகரத்தைத் தட்டித் தட்டி அளக்கச் சொன்னாள், நடுவில் பொந்து விழக்கூடாதாம்.

"உன் பொண்ணு எப்ப வர்றா?"

"ஜனவரி."

அவள் என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பொச்சாபேரியின் சிறிய கட்டிலை மடித்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்பது மூட்டை அடுக்கியிருக்கிறேன். வாயாடி அவள், எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள். இன்று டப்பாவை எடுத்துக்கொண்டு பேசாமல் போனாள்.

ஜனவரி 1, செவ்வாய்

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. அக்கா நியான்சாமா போன் செய்தார். குவாம்போக்கா எடுத்து, ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டினாள்.

"தம்பி, ஒண்ணரை மாசத்துல ஒரு தடவைகூட இழுப்பு வரலை. இங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு இடம் இருக்குங்கறாங்க. சேர்த்துடவா, இல்ல இன்னிக்கே பஸ் ஏத்தி விடவா? நீங்க சொல்றதுதான்."

பதில் சொல்வதற்குள் பொச்சாபேரி போனைப் பிடுங்கிக்கொண்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது. வாக்கியத்துக்கு நடுவில் நிற்காமல் பேசுகிறாள். என் மகள் மூச்சு வாங்காமல் பேசினால் இப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

"அப்பா நான் பையெல்லாம் கட்டிட்டேன் எந்த பஸ்ஸுல வரணும் காலையில வர்றதா மத்தியானம் வர்றதா நீங்க ஸ்டாண்டுக்கு வருவீங்களா அம்மா வருவாங்களா?"

மூட்டைகளைப் பார்த்தேன். நேற்று இன்னும் நான்கு இறக்கினான். ஜன்னல் பாதி மறைந்திருக்கிறது.

"பெரியம்மாகிட்ட குடு" என்றேன்.

கொடுத்தாள்.

"சேர்த்துடுங்கக்கா."

போனை வைத்ததும் குவாம்போக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. வாசலில் எரிந்துகொண்டிருந்த கரி அடுப்பை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கி வந்து, அறையின் நடுவில் வைத்து, பானையை ஏற்றினாள். பிறகு மழை உள்ளே அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்தினாள்.